சைக்கிளுக்கு ஒதுங்கியவர்

கண் முகாம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு டார்ச் அடித்துப் புரை பார்ப்பது எப்படி என்று நான் எழுத வேண்டியதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஒரு வேலையில் ஒரு வருடம் தங்கியது கிடையாது. சிம்மக்கல்லில் மூட்டை இறக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், மேலூர்ப் பக்கம் கல் உடைத்தேன், செல்லூரில் தறிப்பட்டறையில் சாயத் தண்ணீருக்குள் நின்றேன். பட்டினி கிடந்த நாட்களும் உண்டு, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு மிஷன் கண் ஆஸ்பத்திரியில் முகாம் வேனுக்கு ஆள் தேடினார்கள். எனக்கு நல்ல தொண்டை. அதற்காகத்தான் எடுத்தார்கள்.

வேனில் மைக் செட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கும். புரை முற்றியவர்களின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதுவேன். முன்னால் நிற்பவரின் தோளில் பின்னால் நிற்பவர் கை வைக்க, வரிசையாக வேனுக்கு நடத்திப் போவேன். மதுரைக்குக் கொண்டுவந்து, ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப ஊரில் இறக்கிவிடுவோம். வேன் ஓட்டியவர் கோரிப்பாளையத்து பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

காலி இருக்கையோடு என் வேன் திரும்பியதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வர மாட்டேன் என்பவர்களைப் பேசிக் கரைப்பதில் நான் கெட்டிக்காரன். கோழிக்கு யார் தீனி வைப்பது என்று கேட்ட கிழவியிடம், கோழிக்கும் சேர்த்து பிளாஸ்திரி ஒட்டவா என்று கேட்டுச் சிரிக்கவைத்தே ஏற்றியிருக்கிறேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் கருப்பையா. அறுபதை நெருங்கிய வயது. இரண்டு கண்ணிலும் புரை முற்றி ஆறேழு வருடமாகியிருந்தது. மேலூர் பஸ் ஸ்டாண்டில், திருப்பத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். வெறுமனே கை நீட்டுகிறவர் இல்லை. தூரத்தில் வரும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே எந்த ஊர்ப் பஸ் என்று சொல்லிவிடுவார். "சிவகங்கை வருது, எந்திரிங்க" என்பார். சொன்னபடியே வந்து நிற்கும். கண் தெரியாத ஆள் இப்படிச் சொல்கிறாரே என்ற ஆச்சரியத்தில்தான் ஜனங்கள் துண்டில் காசு போட்டார்கள்.

முகாமுக்குக் கூப்பிட்டபோது அவர் வர மறுத்தார்.

"எனக்கு இது போதும் தம்பி. இருக்கிற சோத்துல மண்ணள்ளிப் போட்றாத" என்றார்.

நான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். கத்திக்குப் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும், அதற்கென்று தனிப் பேச்சே வைத்திருந்தேன். கண் வந்தால் ராஜா மாதிரி இருக்கலாம் என்றேன். பக்கத்து டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார், "போய்யா, ஓசியில கண்ணு தாராக, வலிக்குதா" என்று. நாலு பேர் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டே வற்புறுத்தும்போது அங்கேயே உட்கார்ந்து பிழைக்கிற மனிதர் எத்தனை நேரம் மறுப்பார்? எழுந்து வந்தார்.

வேனில் விலாசம் கேட்டேன். மேலூர் பஸ் ஸ்டாண்டு என்றார். வீட்டு விலாசம் என்றேன். அதுதான் என்றார். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினேன். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தியிருக்க வேண்டும்.

வார்டில் காலை வேளையில் வேதம் வாசிப்பது என் பொறுப்பு. கட்டுப்போட்டுப் பாயில் படுத்திருப்பவர்களுக்கு நேரம் போகாது. கேட்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் வாசி, யாரையும் கட்டாயப்படுத்தாதே என்று வார்டு சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் பிறப்பால் கிறிஸ்தவன். ஆனால் பல வருடமாக அந்த விசுவாசம் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த கல்யாணச் சட்டை மாதிரி இருந்தது. ஆண்டவர் பிறவிக் குருடனுக்குப் பார்வை கொடுத்த பகுதியைத்தான் எப்போதும் வாசிப்பேன். கண் ஆஸ்பத்திரிக்கு அதுதானே பொருத்தம். சேற்றைக் கண்ணில் பூசுகிறார், குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார், அவன் கழுவிப் பார்வையோடு வருகிறான். அந்த இடத்தில் மூடிவிடுவேன். கஞ்சி வாளி வருகிற நேரமும் அதற்குச் சரியாக இருக்கும்.

அந்த வாரம் நான் மூடியதும் கருப்பையா பாயிலிருந்து கேட்டார்.

"பெறகு எங்க போனான் தம்பி?"

"யாரு?"

"அதான், கண்ணு வந்தவன். வழியில இருந்த குருடன்னு நீதான வாசிச்ச, பிச்சைதான எடுத்திருப்பான். கண்ணு தெரிஞ்சவனுக்கு எவன் போடுவான்? பெறகு எங்க போயி என்ன செஞ்சான்?"

இரண்டு பாய் தள்ளிப் படுத்திருந்த உசிலம்பட்டிக்காரர் முந்திக்கொண்டார். "வீட்டுக்குப் போயி பொண்டாட்டி மூஞ்சியப் பாத்திருப்பான். திரும்பி வந்து, சாமி, பழையபடி ஆக்கிவிடுங்கன்னு கேட்டிருப்பான்" என்றார். கட்டுப்போட்ட கண்களோடு வார்டே சிரித்தது. சிரிக்காதீர்கள், தையல் விட்டுப்போகும் என்று சிஸ்டர் அதட்டினார். கதை அம்புட்டுத்தான் என்று சொல்லிவிட்டுக் கஞ்சி ஊற்றப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவரை மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். ஆபரேஷன் செய்த ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தது. நாற்பது நாள் தலைக்கு ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசி படக் கூடாது என்று கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல ஒப்பித்தேன். உட்காரலாமா என்று கேட்டார். உட்காரலாம் என்றேன். அப்படியென்றால் சரி என்று பழைய இடத்தைத் தேடிப் போனார். எங்கள் வேலை முடிந்தது என்று பாயிடம் சொன்னேன்.

அந்தக் காலத்து ஆபரேஷனில் கண்ணுக்குள் ஒன்றும் வைக்கமாட்டார்கள். புரையை எடுத்துவிட்டு, புண் ஆறியதும் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி இல்லாமல் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். பெரிய உருவங்களும் அசைவும் தெரியும், அவ்வளவுதான். நாற்பது நாள் கழித்துக் கண்ணாடிப் பெட்டியோடு மேலூருக்குப் போனோம். எல்லோரும் வந்து வாங்கிப்போனார்கள். கருப்பையாவின் கண்ணாடி மட்டும் எண் கட்டிய நூலோடு பெட்டியில் கிடந்தது.

டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அவன் ஃபிராடுண்ணே" என்றார் அவர். "பச்சைத் துணிய ரெண்டு கண்ணுக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். குறுக்க ஒரு சைக்கிள் வந்துச்சு. ஒதுங்குனான். குருடன் ஒதுங்குவானா? நாங்கதான் பாத்தமே. நாலு தட்டு தட்டித் தொரத்தி விட்டாச்சு."

போகச் சொல்லி வற்புறுத்தியவரும் இவர்தான். அதை நான் அவரிடம் சொல்லிக்காட்டவில்லை, சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது உறைக்கவும் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேனில் ஏறி, ஏமாற்றுக்கார ஆளாக இருந்திருக்கிறார் என்று பாயிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மனுசன் வர மாட்டேன்னுதான மாப்ள சொன்னாரு. அவரு ரிஸ்க்க நீதான புடுங்குன."

ரிஸ்க் என்றால் அவர்களுக்குப் பிழைப்பு, அல்லா அளந்து கொடுத்த சோறு.

மறுநாள் வாசிப்புக்கு வேதத்தைத் திறந்தேன். அதே பகுதி. கையில் நேரம் இருந்தது, வழக்கமாக மூடும் இடத்தைத் தாண்டி முதல்முறையாகப் பக்கத்தைத் திருப்பினேன். கதை அங்கே முடியவில்லை. பார்வை வந்தவனை அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுகிறார்கள். பிச்சை எடுத்தவன் இவன்தானா, இவன் மாதிரி வேறொருவனா என்று கேட்கிறார்கள். பெரிய மனிதர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். பெற்றோரே பயந்து, எங்களுக்குத் தெரியாது, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் அவனை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அவனைத் தள்ளிவிட்டார்கள் என்று ஆண்டவர் கேள்விப்படுகிறார். போய் அவனைக் கண்டுபிடிக்கிறார்.

முதல் தடவை ஆண்டவர் போகிற வழியில் அவன் இருந்தான். இரண்டாம் தடவை அவர் தேடிப் போயிருக்கிறார். எத்தனை தடவை இந்தப் பகுதியை வாசித்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், இந்தப் பாதி எனக்குத் தெரியாது. கருப்பையா கேட்ட கேள்விக்குப் பதில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது, நான் கஞ்சி ஊற்றப் போயிருக்கிறேன்.

சிஸ்டரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். ஒருவருக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்றேன்.

"தபால்ல அனுப்பிரலாமே."

"அட்ரஸ் இல்ல சிஸ்டர்."

அவர் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மேலூர்ச் சந்தையில் கேட்டேன், கோயில் வாசல்களில் பார்த்தேன், நத்தம் ரோட்டில் புளியமரத்தடிகளில் தேடினேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு லாரி கிளீனர் சொன்னதை வைத்து ஊருக்கு வெளியே ஜல்லி உடைக்கும் இடத்துக்குப் போனேன். முன்பு நானே உடைத்த இடம்தான். தலையில் துண்டைக் கட்டி, குத்துக்காலிட்டு, கையால் தடவித் தடவிக் கல்லை எடுத்து வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார் கருப்பையா. குனியக் கூடாது என்றேன், குனிந்திருந்தார். தூசி படக் கூடாது என்றேன், தூசிக்குள்தான் இருந்தார். ஆபரேஷன் செய்த கண் மிளகாய்ப் பழம்போலச் சிவந்து வீங்கி, சீழ் வடிந்துகொண்டிருந்தது.

என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். சுத்தியலை நிறுத்தவில்லை.

"நல்லாருந்த குருடன நொள்ளையாக்கி விட்டுட்டீகளே தம்பி" என்றார். அதில் கோபமே இல்லை. பஸ் வருது என்று சொல்லும் அதே குரல்.

ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்றேன். பெட்டி நிறையாமல் எழுந்தால் இன்றைய பாடு வீண் என்றார். அங்கே அளவுப் பெட்டி ஒன்று இருக்கும். அது நிறைந்தால்தான் அன்றைக்குச் சோறு. என் தொண்டைக்கு எத்தனையோ பேச்சு தெரியும், அன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உடைத்தேன். அவரை நிழலில் போய் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். முதலில் கேட்கவில்லை. நான் வேகமாக உடைக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "முன்ன ஒடச்ச கை போல" என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தார்.

உடைத்துக்கொண்டே கதையின் மிச்சத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"தேடிப் போனாருல்ல. கையில என்ன கொண்டுபோனாரு?"

"அது எழுதல."

"நீ என்ன கொண்டாந்த?"

"கண்ணாடி."

"கண்ணாடியப் பெனஞ்சு திங்கவா?"

நியாயமான கேள்வி. செல்லூரில் எனக்கு ஒரு அறை இருக்கிறது, ஒரு பானைச் சோறு ஆக்குகிறேன், இரண்டு பேர் சாப்பிடலாம் என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்வரை அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் பெட்டி நிறைந்ததும் எழுந்து, என் தோளில் கை வைத்தார்.

அந்தக் கண் போய்விட்டது. தையல் விட்டு, சீழ் உள்ளே இறங்கியிருந்தது. டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். வலி நின்றது, பார்வை மிஞ்சவில்லை. இன்னொரு கண் இருக்கிறது, அதைச் செய்தால் நன்றாக வரும் என்றார். கருப்பையா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது இப்படியே இருக்கட்டும் சாமி. இப்ப நெசமாவே குருடன். இனிமே போயி உக்காந்தா எவனும் அடிக்க மாட்டான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசிக் கரைக்கிறவன் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் கடினமானது அதுதான். ஒரு மனிதர் இருட்டிலேயே இருப்பேன் என்கிறார், வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவரைச் சம்மதிக்கவைக்கும் சாமர்த்தியமும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர் போய் நிற்க ஓர் இடத்தைத்தான் நான் முதலில் காட்ட வேண்டும். அது பேச்சினால் ஆகிற காரியமில்லை.

செல்லூர் அறைக்குக் கூட்டிவந்தேன். பத்துக்குப் பத்து அறை. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ரசத்தில் உப்பில்லை என்பார். குறட்டை விடாதீர்கள் என்பேன். நான் பாதி வேதக்காரன் என்று கேலி செய்வார். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு சிம்மக்கல் வரை நடந்து போய்விட்டார். இரண்டு தடவையும் நான்தான் போய்க் கூட்டிவந்தேன். இரண்டாம் தடவை எனக்கும் கோபம்தான், இப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஜெபத்தில் உருக்கமாக வருகிற இரக்கம், அந்நியர் ஒருவர் நம் பாயில் படுத்து நம் சோற்றைக் குறை சொல்லும்போது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டேன். அது போன இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பஸ் சத்தம் கேட்ட காது தறிச் சத்தத்தையும் கற்றுக்கொண்டது. அறையில் உட்கார்ந்தபடியே, "மூணாவது தறியில நூலு அறுந்துருச்சு, அண்ணே பாருங்க" என்று பக்கத்துப் பட்டறைக்குக் குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். பட்டறைக்காரர் ஒரு நாள் டீ வாங்கிக்கொடுத்தார், பிறகு பட்டறைக்குள்ளேயே உட்காரச் சொன்னார்.

ஐந்தாறு மாதம் போனபின் ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக் கை கழுவும்போது கருப்பையாவே பேச்சை எடுத்தார்.

"தார்க் குச்சியில நூலு சுத்தக் கூப்பிடுறாக தம்பி. சுத்திருவேன். அறுந்த நூலுக்கு நுனி தேடத்தான் கண்ணு வேணும். அந்த டாக்டரு இருக்காரா?"

இரண்டாவது ஆபரேஷன் நன்றாக நடந்தது. இந்த முறை விலாசம் எழுதும் இடத்தில் என் அறையை எழுதினேன். நாற்பது நாளும் குனியவிடவில்லை. தண்ணீர்க் குடம் பக்கம் போகவிடவில்லை. குழந்தைப்பிள்ளையை வளர்த்த மாதிரி என்று பட்டறைப் பெண்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு முகாமில் என் முதல் கேள்வி மாறிவிட்டது. புரை எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன்னால், உங்களுக்கு யார் இருக்கிறார்கள், கண் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். சிலரை ஏற்றாமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் ஏற்றாமல் வந்தவர்களை அப்படியே விட்டதில்லை. அந்த ஊர் சபையிலோ பள்ளிவாசலிலோ பஞ்சாயத்திலோ அவருக்கு ஓர் இடம் பேசி முடித்துவிட்டு அடுத்த மாதம் போய்க் கூட்டிவருவேன். உங்கள் வேனிலும் காலி இருக்கை வரும், வரட்டும். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி. எனக்கு இது ஆண்டவர் வழியாகத்தான் வந்தது, அதுவும் நான் திருப்பாமல் விட்ட பக்கத்திலிருந்து.

இரண்டாவது கண்ணுக்குக் கண்ணாடி வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். கண்ணாடியை அறைக்குக் கொண்டுவந்து, அவர் கையில் கொடுத்தேன். தானே மாட்டிக்கொண்டார். ஒரே அறையில் ஏழெட்டு மாதம் இருந்தும் என் முகத்தை அவர் தெளிவாகப் பார்த்ததில்லை. மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீதானா?" என்றார். "கொரல வச்சு நல்ல ஒசரமான ஆளுன்னுல்ல நெனச்சேன்."

பிறகு அறையைப் பார்த்தார். சுவர், மூலை, அடுப்படி, என் துணிகள் கிடந்த கொடி, பாய்க்கு அடியில் எட்டிப்பார்த்த பீடித் துண்டுகள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"இம்புட்டு அழுக்குக்குள்ளயா என்னைய வச்சிருந்த?"

மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். அன்று மத்தியானம் முழுவதும் நான் சந்தில் நின்றேன். உள்ளே அவர் கூட்டிக்கொண்டிருந்தார்.